ஆட்டோவுக்குப் புது பிரேக் ஷூ வாங்குமுன்...

டாக்குரியா பாலத்தின் மீது ஆட்டோவில் ஏறி இறங்காத நாளே இல்லை என்னும் அன்பர்கள் நம்மில் பலர். பின்னால் மூவர், ஓட்டுநர் அருகில் ஒருவர் என வண்டிக்குள் ஐந்து உயிர்கள். மழை நாளில் பாலத்தின் இறக்கத்தில் இந்த ஐந்து உயிர்களையும் காப்பது ஓட்டுநரின் வலது காலடியிலுள்ள பிரேக் மிதிதான். சொந்த ஆட்டோ வைத்திருப்போரும், பிள்ளைகளை ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்புவோரும் அதைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வது நல்லது.

2009-இல் உயர் நீதிமன்ற ஆணையின்படி கல்கத்தாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் விலக்கப்பட்டு, எரிவாயுவில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. எஞ்சின் மாறினாலும் பிரேக்கின் அடிப்படை மாறவில்லை. மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தம் மூன்று சக்கரங்களுக்கும் செல்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் பிறை வடிவ ஷூக்கள் இரண்டு விரிந்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தை உரசி வண்டியை நிறுத்துகின்றன. வெளிநாடுகளில் ஓடும் ஸ்பைடர் போன்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களிலும் ஒரே கால்மிதிதான். ஆனால் அங்கே ஷூவுக்குப் பதில் பேட், டிரம்முக்குப் பதில் டிஸ்க்.

எதுவாயினும் விதி ஒன்றே: உரசும் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஷூ தேய்ந்தால் ஷூவை மட்டும் மாற்றிவிட்டு டிரம்மை அப்படியே விடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. பள்ளம் விழுந்த டிரம்மில் புது ஷூ முழுமையாகப் பதியாது. அங்கங்கே மட்டும் உரசிச் சூடேறும், பளபளத்துப் போகும், பிடிக்காது. டிரம்மை லேத்தில் கடைந்து சமன் செய்யலாம், அதற்கும் எல்லையுண்டு. டிரம்முக்கென்று குறிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டத்தைத் தாண்டினால் புதிது வாங்குவதே முறை. டிஸ்க்கிலோ குறைந்தபட்ச கனம் பொறிக்கப்பட்டிருக்கும்.

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே சமயத்தில், ஒரே தயாரிப்பின் ஷூவையே போடுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மூன்று சக்கர வண்டிக்கு இது பேராபத்து!

மல்லிக் பஜாரில் எதுவும் கிடைக்கும்; அதனாலேயே கவனம் தேவை. பழைய ஷூவைக் கையோடு எடுத்துச் சென்று அகலம், வளைவு, துளைகள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். விரிசல் விட்ட லைனிங்கையும் பெயரில்லாத பெட்டியில் வரும் சரக்கையும் தவிர்த்து, ரசீது கேட்டு வாங்குங்கள். பிரேக் தொழிலில் நம் சென்னைக்கும் பெரும் பங்குண்டு. பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தொடங்கப்பட்டன.

மாற்றும் வேளையில் வீல் சிலிண்டரில் கசிவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்ட லைனிங் பிடிக்காது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. கல்கத்தாவின் புழுக்கத்தில் இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுவது நலம். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கட்டும். புது ஷூ டிரம்மில் படியும்வரை, முதல் சில நாட்கள் திடீர் பிரேக்கைத் தவிர்த்து நிதானமாக ஓட்ட வேண்டும்.

பயணிகளும் கவனிக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் ஓசை, பிரேக் பிடிக்கும்போது பக்கவாட்டில் இழுப்பு, ஓட்டுநர் மிதியை இரண்டு மூன்று முறை மிதிப்பது ஆகியவை அபாய அறிகுறிகள். தேங்கிய நீரைக் கடந்தபின் நனைந்த ஷூ சற்று நேரம் சரியாகப் பிடிக்காது. மெதுவாகச் சென்று, லேசாக மிதித்து உலர்த்த வேண்டும்.

இவற்றை ஓட்டுநர் தாதாவிடம் அன்பாகச் சொன்னால் கேட்டுக் கொள்வார். அந்த ஐந்து உயிர்களில் அவருடையதும் ஒன்றல்லவா!