கேஸ்கட் மாத்தினா மட்டும் போதுமா?

"ஹெட் கேஸ்கட்டின் பயன் யாது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதி நாம எல்லோருமே மார்க் வாங்கியிருக்கோம். சிலிண்டர் அழுத்தம், தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது. எனக்கு அது முழுசாப் புரிஞ்சது மாமாவோட வேன் படுத்தபோதுதான்.

காய்கறி லோடு அடிக்கிற பழைய நாலு சிலிண்டர் டீசல் வேன். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஆனா ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறையும். வெள்ளைப் புகை வேறு. "டிப்ளமோ படிக்கிறியே, பாரேன்டா" என்றார் மாமா. ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கட் போட்டு, கைக்கணக்கில் முறுக்கி மூடினேன். பத்தே நாள்! பாதி வழியில் வேன் நின்று லோடு வாடிப்போச்சு. மாமா ஒண்ணும் திட்டல, அதுதான் வலிச்சது.

இரண்டாம் முறை முதலில் சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். (சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) குமிழி விடாமல் வந்தது. இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். 3-வதில் குமிழி குறைந்தது. ஆக, கசிவு அங்கேதான். (காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது, டீசல் தோலைத் துளைத்துவிடும்.) டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறமாகவில்லை. அந்த மட்டும் தப்பித்தோம்.

ஹெட்டைக் கழற்றினால், மற்ற பிஸ்டன்களில் கரி. 3-வது மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்! ஹெட்மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்தேன். நடுவில் 0.20 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைந்தது. ஹெட் வளைந்திருக்கு!

ஏன் வளைஞ்சது? மாமா ஊற்றியதெல்லாம் போர் தண்ணி. ரேடியேட்டர் குழாய்களில் உப்பு அடைத்து, எஞ்சின் சூடேறி, ஹெட் வளைந்து, கேஸ்கட் போச்சு.

ஹெட்டை சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்தோம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தோம். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயில், தண்ணீரை ஊதி எடுத்தேன். இல்லையென்றால் டார்க் ரென்ச் பொய் சொல்லும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக முறுக்கினேன். அப்போதுதான் கேஸ்கட் மடிப்பில்லாமல் படியும். கடைசியில் டேப்பட் கிளியரன்ஸ்.

வேன் இப்போதும் ஓடுது. ரேடியேட்டருக்கு கூலண்ட்தான்.

நண்பர்களே, உடைந்த பாகத்தை மாற்ற யாராலும் முடியும். அது ஏன் உடைந்தது என்று கேட்கத்தானே நாம மூணு வருஷம் படிக்கிறோம்!