சிறு உழவு இயந்திரத்துக்கு அகழுங் கை வேண்டுமா?

நான்கு சக்கரச் சிறு உழவு இயந்திரமுடைய கமக்காரர் பலர், பெக்கோ இயந்திரத்துக்கு உள்ளது போன்ற அகழுங் கையொன்றைத் தம் இயந்திரத்தின் பின்புறத்திற் பூட்ட விரும்புகின்றனர். அதை வாங்குமுன் பின்வருவனவற்றைச் சிந்தியுங்கள்.

1. வேலை: சென்ற பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வடிகால் வெட்டவும் மரக்குற்றி பிடுங்கவும் எத்தனை நாள் தேவைப்பட்டதெனக் கணக்கிடுங்கள். அத்தனை நாளுக்குப் பெக்கோவை வாடகைக்கு அமர்த்தும் செலவை, கையின் விலை, கடன் வட்டி, பழுதுபார்க்குஞ் செலவு ஆகியவற்றுடன் ஒப்பிடுங்கள். வருடத்திற் சில நாள் வேலைக்கு வாடகையே மலிவு.

2. ஆழம்: இத்தகைய கை பெரும்பாலும் 6 முதல் 9 அடி வரையே தோண்டும். வடிகாலுக்கு இது போதும். விவசாயக் கிணற்றுக்குப் போதாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கும் இது ஏற்றதன்று.

3. பாரம்: பின்பாரம் மிகுந்தால் முன்சக்கரங்கள் மேலெழும், ஆகவே முன்புறத்தில் எதிர்ப்பாரம் வேண்டும். ஈர வயலிற் சக்கரங்கள் புதையும். மூன்று புள்ளி இணைப்பில் மட்டும் பூட்டிய கை, இயந்திரத்தின் உடலில் வெடிப்பை உண்டாக்கலாம். இயந்திரத்தின் கீழ் அடிச்சட்டம் அமைத்துப் பொருத்துவதே நன்று.

4. உழவு: கை பூட்டியிருக்கையிற் கலப்பையையோ ரொட்டவேற்றரையோ பூட்ட இயலாது. நிலம் பண்படுத்துங் காலத்தில் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்ட நேரம் வீணாகும்.

புதுக் காணி திருத்துவோருக்கும் கூலிக்கு அகழ்வோருக்கும் இக்கை பயன் தரும். வாய்க்கால் துப்புரவுக்கு மட்டும் வேண்டுவோர், அயற் கமக்காரருடன் சேர்ந்து ஒரே நாளிற் பெக்கோவை அமர்த்துவது சிக்கனமாகும்.