ஆயிரம் கட்டளைகளுக்கு ஒரு வழிகாட்டி

2011-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், சீசவுண்ட் என்ற இசை மென்பொருளைப் பயன்படுத்தும் சிலர் பெர்லின் நகரில் ஒரு வாரம் கூடி உட்கார்ந்தார்கள். அதைப் புதிதாகக் கற்பவர்களுக்கான கையேட்டின் முதல் பதிப்பை வெளியிட்டுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். எழுதியவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

சீசவுண்ட் ஒரு சின்தசைசர். ஆனால் அதில் அழுத்தக் கட்டைகள் இல்லை. என்ன ஒலி, எத்தனை வினாடி, எவ்வளவு சத்தம் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால் கணினி அதை ஒலியாக்கித் தரும். நியூசிலாந்தில் பிறந்த பேரி வெர்கோ, 1980-களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதை உருவாக்கினார். இன்று ஆண்ட்ராய்டு போனிலும் இது இயங்குகிறது.

இதில் ஒலியை உண்டாக்கவும் மாற்றவும் ‘ஆப்கோடு’ எனப்படும் கட்டளைகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விளக்கும் அதிகாரபூர்வக் கையேடும் உண்டு. பெயர் தெரிந்தவருக்கு அது பெரும் உதவி. எந்தப் பெயரைத் தேடுவது என்றே தெரியாத புதியவர் என்ன செய்வார்? ரிச்சர்ட் பூலாங்கர் தொகுத்த தடிமனான பாடநூல் 2000-ல் அச்சில் வந்தது. மென்பொருளோ அதன் பிறகும் மாறிக்கொண்டே இருந்தது.

எனவே 2010-ல் சிலர் புதிய கையேடு ஒன்றைத் தொடங்கினார்கள். யோவாகிம் ஹைன்ட்ஸ் அத்தியாயப் பட்டியலை முன்வைக்க, பூலாங்கர், இயன் மெக்கர்டி, ரோரி வால்ஷ் முதலானோர் அதை விவாதித்துச் செம்மைப்படுத்தினர். பலரும் ஒரே நூலைச் சேர்ந்து எழுத உதவும் ‘ஃப்ளாஸ் மேனுவல்ஸ்’ என்ற களத்தைச் சுட்டிக்காட்டியவர் வால்ஷ். ஆனால் தன்னார்வப் பணியில் தொடக்க உற்சாகம் வடிந்துவிடுவது வழக்கம். அதற்கு மருந்தாகத்தான் பெர்லின் கூடல் அமைந்தது. ஃப்ளாஸ் மேனுவல்ஸைத் தொடங்கிய ஆடம் ஹைட் பரப்பிய ‘புக் ஸ்பிரிண்ட்’ என்ற இந்த முறையில், எழுதுபவர்கள் ஓரிடத்தில் கூடி ஒரே மூச்சில் நூலை முடிக்கிறார்கள்.

கையேட்டின் பலம் அதன் எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. ஒலியைக் கணினி எண்களாக்கும் விதத்தைச் சொல்லும் தொடக்க அத்தியாயத்தையே பார்க்கலாம். சிடி தரத்தில் ஒரு வினாடி ஒலி 44,100 துண்டுகளாக அளக்கப்படுகிறது. அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் அதிர்வெண்ணைச் சரியாகப் பதிய முடியும். அதை மீறினால்? எடுத்துக்காட்டு முதலில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை இசைக்கிறது, அடுத்து 43,100 ஹெர்ட்ஸைக் கேட்கிறது. மனிதக் காதுக்கே எட்டாத உச்சம் அது. ஆனால் ஸ்பீக்கரில் மறுபடியும் அதே 1,000 ஹெர்ட்ஸ்தான் ஒலிக்கிறது! 44,100-இல் 43,100 போக மிஞ்சுவது அதுதான். அவ்வளவு வேகமான அதிர்வைப் பிடிக்க அந்த அளவீடுகள் போதவில்லை. சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரிவதற்கும் இதேதான் காரணம்.

படிப்பவர் எடுத்துக்காட்டில் உள்ள 43,100-ஐ 42,100 என்று மாற்றி இயக்கினால் 2,000 ஹெர்ட்ஸ் கேட்கும். பக்கம் பக்கமாக விளக்கினாலும் பிடிபடாத விதி, ஓர் எண்ணை மாற்றியதும் காதில் விழுந்துவிடுகிறது. கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அதே இடத்தில் விழுந்து எழுந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பயன்படுத்துவோரே எழுதும் கையேட்டுக்கு உள்ள பெரிய அனுகூலம் இதுவே.

பெர்லினில் வெளியான முதல் பதிப்போடு வேலை முடிந்துவிடவில்லை. மென்பொருள் மாற மாற அத்தியாயங்கள் திருத்தப்பட்டன, புதியவை சேர்ந்தன. யாரும் அதை இலவசமாகப் படிக்கலாம்.

தமிழில் இப்படி ஒன்றைத் தொடங்கவும் இதே வழி போதும்: ஓர் அத்தியாயப் பட்டியல், இயக்கிப் பார்க்கத்தக்க எடுத்துக்காட்டுகள், சேர்ந்து உட்கார ஒரு வாரம். கணினியில் இசையமைக்கும் வாசகர்கள், தாங்கள் கடைசியாகக் கற்ற ஒரே ஒரு விஷயத்தை எழுதி முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.