தீட்டும் துணியும்: மாதவிடாய் குறித்த சில தவறான கருத்துகள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மாதவிடாயைக் குறிக்கத் 'தூரம்', 'வீட்டுவிலக்கு', 'தீட்டு' ஆகிய சொற்கள் வழங்குகின்றன. முன்னிரண்டும் பெண் நிற்கவேண்டிய இடத்தையும், மூன்றாவது அவள்மீது ஏற்றப்பெறும் மாசையும் சுட்டுகின்றன. இவ்விலக்கு பழமையானது. பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாடல், போர்க்களத்தில் ஒதுங்கி நின்ற குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலம் தொடாது விலகி நிற்கும் மகளிரை உவமையாக்குகிறது. தொல்காப்பியக் கற்பியலோ, பரத்தையிற் பிரிந்த தலைவனும் பூப்பிற்குப் பிந்தைய பன்னிரு நாள்கள் தலைவியை நீங்கி உறைதல் ஆகாது என்கிறது. உரையாசிரியர்கள் இதனைக் கருவுறுதலோடு தொடர்புபடுத்துவர். ஆகவே, மரபு முழுவதும் விலக்கையே பேசிற்று எனக் கூறல் பொருந்தாது.

வெளியேறுவது 'கெட்ட இரத்தம்' என்பது பரவலான நம்பிக்கை. கரு தங்காத நிலையில் கருப்பையின் உட்படலம் உதிர்ந்து, இரத்தத்தோடு கலந்து வெளியேறுகிறது. ஒரு சுழற்சியில் வெளியேறும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர் வரையே. அதில் நஞ்சு ஏதுமில்லை. பூ வாடும், ஊறுகாய் கெடும் என்பன நம் பாட்டிமார் மட்டும் கூறியவை அல்ல. 1920இல் வியன்னா மருத்துவர் பேலா ஷிக் என்பவரும் பூக்கள் வாடியதைக் கண்டு 'மாதவிடாய் நஞ்சு' ஒன்று உண்டென எழுதினார். பின்னர் அது நிறுவப்படவில்லை.

துணியைப் பற்றிய கருத்தே இங்கு விரிவாக நோக்கத்தக்கது. 2011இல் அறிவிக்கப்பெற்ற 'புதுயுகம்' திட்டம் ஊரக வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின்களை வழங்கியது. அதன் பயன் பெரிது. எனினும், 'துணி என்றாலே நோய்' என்னும் முடிவு சரியன்று. இக்கட்டுரையாளரின் இளமைக்காலத்தில், திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில், அத்துணிகள் மாட்டுக்கொட்டகையின் உட்கயிற்றில், பழைய பாவாடைக்கு அடியில் உலர்த்தப்பட்டன; உண்மையில் அவை உலரவே இல்லை. ஈரத்தில் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் பெருகும். அரிப்புக்கும் தொற்றுக்கும் வழிவகுப்பது பருத்தியன்று, அதனை மறைக்கச் செய்யும் கூச்சமே. முதலில் தண்ணீரில் அலசி (வெந்நீர் கறையைப் படியச் செய்யும்), சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தலாம். விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 2010 முதல் இயங்கும் எக்கோஃபெம் நிறுவனம் தயாரிக்கும் துணி நாப்கின்களுக்கும் இம்முறையே பொருந்தும்.

மாதவிடாய்க் குப்பி கன்னித்தன்மையை அழிக்கும் என்ற அச்சமும் உண்டு. கன்னித்தன்மை என்பது உடலில் சோதித்தறியத்தக்க உறுப்பன்று. கன்னித்திரை ஒவ்வொருவருக்கும் வேறுபடும், நெகிழக்கூடிய மெல்லிய திசு. 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் பொதுநல இதழில் வெளிவந்த கட்டுரை, குப்பி பாதுகாப்பான தெரிவு என்றே மதிப்பிட்டது. நடைமுறையில் எழும் தடை வேறு. ஒவ்வொரு மாதமும் குப்பியைக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். 'தூரமான' பெண்ணுக்கோ அடுப்பும் இல்லை, கலமும் இல்லை.