மக்கும் தாளில் மக்காத கதைகள்

டார்ஜானை அறியாத மாணவர் உண்டா? காட்டில் மனிதக் குரங்குகளிடையே வளர்ந்த அந்த வீரனைப் படைத்தவர் எட்கார் ரைஸ் பர்ரோஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர். டார்ஜானுக்குச் சில மாதங்கள் முன்னதாக, அதே 1912-ஆம் ஆண்டில், 'ஆல்-ஸ்டோரி' என்ற அதே இதழில், அவர் வேறொரு வீரனை உலவவிட்டார். அவன் பெயர் ஜான் கார்ட்டர். அவன் சாகசம் புரிந்த இடம் செவ்வாய்க் கிரகம்!

இத்தகைய இதழ்களைப் 'பல்ப்' இதழ்கள் என்பார்கள். பல்ப் என்றால் கூழ். மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டதால் வந்த பெயர் இது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் இந்தத் தாளிலிருந்து நீக்கப்படுவதில்லை. ஒளியும் காற்றும் படப்பட அது பழுப்பேறும். தாளிலுள்ள அமிலம் இழைகளைச் சிதைப்பதால், நாளடைவில் தொட்டாலே நொறுங்கும். தாள் நொறுங்கிற்று, கதையோ நூறு ஆண்டுகளைக் கடந்தும் வாசிக்கப்படுகிறது. காரணம் என்ன? அதிலிருந்த விஞ்ஞானம் சரியானது என்பதாலா?

பார்ப்போம். 1877-இல் இத்தாலிய வானியலார் ஸ்கியாபரெல்லி, செவ்வாயில் கோடுகளைக் கண்டு 'கனாலி' என்று குறித்தார். அச்சொல் இயற்கையான ஓடையையும் குறிக்கும். வெட்டிய கால்வாயையும் குறிக்கும். அமெரிக்கரான பெர்சிவல் லோவல் இரண்டாவது பொருளையே பற்றிக்கொண்டார். வறண்டுவரும் கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் நீர் பாய்ச்ச வெட்டிய கால்வாய்களே அவை என்று வாதிட்டார். வானியலார் பலர் அப்போதே இதை ஏற்கவில்லை. ஆனால் பர்ரோஸின் கதைக்கு அது நல்ல களமாயிற்று.

1965 ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாயருகே பறந்து 22 படங்களை எடுத்தது. அவற்றில் கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை. சந்திரனில் உள்ளவை போன்ற வட்டப் பள்ளங்களே தெரிந்தன. காற்றழுத்தமோ பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சிதறிய புள்ளிகளை நம் கண்ணே கோடாக இணைத்துக் காட்டியிருக்கிறது!

ஜான் கார்ட்டர் செவ்வாயில் வெகு உயரம் தாவுகிறான். இதுவாவது சரியா? நீங்களே கணக்கிடலாம். செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 38 சதவீதம். இங்கே 60 செ.மீ. குதிக்கும் ஒருவர், அதே வேகத்தில் எழும்பினால் அங்கே சுமார் 158 செ.மீ. உயரம் செல்வார். ஆகவே கதாசிரியர் சொன்ன திசை சரி, அளவுதான் மிகை.

பிழை மலிந்த கதையைப் படிப்பது வீண் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் உங்களைக் கடிந்துகொள்ளலாம். அவர்களிடம் கார்ல் சாகனைப் பற்றிச் சொல்லுங்கள். கதையில் ஜான் கார்ட்டர் செவ்வாயை நோக்கிக் கைகளை நீட்டுகிறான். உடனே அங்கே போய்ச் சேர்கிறான். இதைப் படித்த சிறுவன் சாகன், இரவில் திறந்த வெளியில் நின்று தானும் கைகளை நீட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழி இருக்கத்தான் வேண்டும் என்று அவன் எண்ணினான். 1976-இல் வைக்கிங்-1 செவ்வாயில் இறங்கியபோது, அதன் படங்களை ஆராய்ந்த குழுவில் சாகனும் ஒருவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தம் அறைக்கு வெளியே பர்ரோஸின் கற்பனைச் செவ்வாயின் வரைபடத்தை அவர் மாட்டி வைத்திருந்தார். அது பொய் என்று அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

இக்கதைகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவை தந்த விடைகள் தவறாயின. 'அங்கே என்ன இருக்கிறது?' என்று அவை கிளப்பிய கேள்வியோ தவறாகவில்லை. இன்றும் செவ்வாயில் ஊர்திகள் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன.

எனவே பழைய சாகசக் கதை கையில் கிடைத்தால் தயங்காமல் படியுங்கள். முதல்முறை கதைக்காக. இரண்டாம் முறை, பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு, எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதற்காக!