கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்கணும்!



நம்ம பொதட்டூர்பேட்டையில் காலையில் கண் விழிக்கும்போதே காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். எங்கள் வீட்டிலும் முன்பக்கம் ரெண்டு தறி ஓடுகிறது. உள் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு வேறு புரோசசர் போடப் போய் நான் பட்ட பாட்டையும், அதில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம், ஆனால் மறந்துவிடாதீர்கள். ஏனென்றால் அது அம்மா சீட்டு எடுத்த பணம்.

ஏன் மாற்ற வேண்டி வந்தது?

எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது இன்டெல் ஐ3-7100 புரோசசர். 2017-இல் வந்தது, ரெண்டு கோர். அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. எங்களுடையது 7-ஆம் தலைமுறை. ஒரே ஒரு படி கம்மி!

அதுமட்டுமில்லை, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. அக்கா வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்து கொடுக்கிறாள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் டீ குடித்துவிடலாம். "இதை வச்சிக்கிட்டு யாருக்குடா நேரத்துக்கு வேலை முடிச்சுக் குடுக்கறது?" என்று தினமும் சண்டை. அதனால் புரோசசரை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

ரிச்சி தெருவில் நான் செய்த தப்பு

திருத்தணியில் ரயில் ஏறி சென்னை போனேன். அண்ணா சாலை பக்கத்தில் இருக்கிற ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் சாமான்கள் புதுசும் கிடைக்கும், பழசும் கிடைக்கும். ஒரு கடையில் ஐ5-8400 புரோசசர் கேட்டேன். 8-ஆம் தலைமுறை, ஆறு கோர். கடைக்கார அண்ணன், "தம்பி, உன் போர்டு என்ன?" என்று கேட்டார்.

நான் பெரிய மேதாவி மாதிரி, "1151 சாக்கெட்டுணா" என்றேன்.

"அப்ப சரி" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை. போர்டு பெயரைக் கேட்டதற்கு நான் சாக்கெட் எண்ணைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். அழகாகப் பொருந்தி உட்கார்ந்தது. சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை இருட்டு! நாலு தடவை கழற்றி மாட்டியும் அதே கதைதான். அம்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

காரணம் என்ன?

மறுநாள் எங்கள் கம்ப்யூட்டர் சார் விளக்கினார். புரோசசர் உட்காரும் இடத்துக்குப் பெயர் சாக்கெட். 1151 என்பது அதில் உள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. 6, 7-ஆம் தலைமுறைக்கும் 1151தான், 8, 9-ஆம் தலைமுறைக்கும் 1151தான். ஆனால் ஆறு கோருக்கு அதிக மின்சாரம் வேண்டும் என்பதால், புரோசசருக்கு மின்சாரம் கொடுக்கும் முனைகளை 128-லிருந்து 146 ஆக உயர்த்தி, வரிசையை மாற்றிவிட்டார்கள். 100, 200 வரிசை சிப்செட் போர்டுகள் பழைய வகை. 300 வரிசை போர்டுகள் புதிய வகை. எங்கள் வீட்டில் இருந்தது எச்110 போர்டு!

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "ரெண்டு ஜக்கார்டு பெட்டியிலயும் 240 கொக்கி இருந்தா மட்டும் போதுமாடா? கயிறு கட்டுன வரிசையும் ஒண்ணா இருந்தாதான் அந்த அட்டைக்குப் பூ சரியா விழும்."

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

கூலருக்குள் இருந்த பஞ்சு

சரி, பழைய புரோசசரையே திரும்பப் போடலாம் என்று கூலரைக் கையில் எடுத்தேன். அவசரத்தில் முதல் தடவை கவனிக்கவில்லை. ஃபேனுக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தறிப் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது! ஃபேன் சுற்றியது உண்மை. ஆனால் காற்று உள்ளே போகவே வழியில்லை.

புரோசசர் அதிகமாகச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ3-7100-க்கு அந்த எல்லை 100 டிகிரி. பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சை எடுத்து, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினேன். பழைய ஐ3 நன்றாகவே ஓடியது! அக்கா, "இதை முதல்லயே செஞ்சிருந்தா என்னடா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஐந்து பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கு ஐந்து பார்த்தால் போதும்.

1. சாக்கெட்டும் சிப்செட்டும்: எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. போர்டின் முழுப் பெயரைப் பாருங்கள். பெட்டியைத் திறந்தால் போர்டு மேலேயே அச்சிட்டிருக்கும். சி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளும் காட்டும். அந்தப் போர்டு கம்பெனியின் இணையதளத்தில், எந்தெந்தப் புரோசசர் சேரும் என்ற பட்டியல் இருக்கும்.

2. பயாஸ்: கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும் முதல் மென்பொருள் இது. ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 சாக்கெட்டில் பல தலைமுறை ரைசன் புரோசசர்கள் சேரும். ஆனால் பழைய போர்டு என்றால், பழைய புரோசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மாற்றிய பிறகு செய்யலாம் என்றால் பெரும்பாலும் திரையே வராது.

3. ரேம்: போர்டை மாற்றினால் பழைய ரேம் சேருமா என்று பாருங்கள். 2022-இல் வந்த ஏ.எம்.5 போர்டுகளில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான். டி.டி.ஆர்.4 அதில் நுழையவே நுழையாது. அப்புறம் செலவு இரண்டு மடங்கு!

4. படம் காட்டும் வசதி: இன்டெல் புரோசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு வாங்கணும். ரைசன் 5 5600-லும் இல்லை, 5600ஜி-யில் உண்டு. ஒரே ஒரு எழுத்துதான், ஏமாந்துவிடாதீர்கள்.

5. கூலர்: இரண்டு விஷயம் பார்க்கணும். ஒன்று, எத்தனை வாட் சூட்டைத் தாங்கும் என்பது. ஐ3-7100-க்கு 51 வாட், ஐ5-8400-க்கு 65 வாட். இன்னொன்று, போர்டில் உள்ள நாலு துளை. இன்டெல் 1150, 1151, 1200 போர்டுகளில் துளைக்குத் துளை 75 மி.மீ. 1700 போர்டில் 78 மி.மீ. வெறும் 3 மி.மீ. வித்தியாசம்தான், ஆனாலும் அதற்கென்று உள்ள மாட்டி இல்லாமல் சேராது. உயரமான கூலர் என்றால் கேபினெட் மூடுமா என்றும் அளந்து பாருங்கள்.

மாட்டும்போது கவனம்

மின் இணைப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி விடக்கூடாது. கூலரின் நாலு காலில் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஃபேன் ஒயரைப் புரோசசர் ஃபேனுக்கு என்று குறித்த இடத்தில் செருக மறக்காதீர்கள். பஞ்சு ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றிக் கெட்டுப்போகும். ஏ.எம்.4 புரோசசரில் கம்பிகள் புரோசசரின் அடியில் இருக்கும். கூலரை மேலே இழுக்காமல், மெல்லத் திருகி எடுக்கணும். இழுத்தால் புரோசசரும் சேர்ந்து வந்து கம்பி வளைந்துவிடும்.

கடைசியில் என்ன ஆச்சு?

ஐ5 வீணாகவில்லை. மூணு மாதம் செலவுக்குக் கொடுத்த காசைச் சேர்த்து, பழைய எச்310 போர்டு ஒன்று வாங்கினேன். இந்தத் தடவை ஐந்து பொருத்தமும் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதே டி.டி.ஆர்.4 ரேம் சேர்ந்தது. பயாஸில் டி.பி.எம். 2.0-ஐ இயக்கினேன். இன்டெல் போர்டில் அது பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 11 ஏறியது. அக்கா வேலையை நேரத்துக்கு முடித்துக் கொடுக்கிறாள். டைப்பிங் காசில் முதலில் அம்மாவின் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

நண்பர்களே, நம்ம ஊரில் தறி இல்லாத தெரு கிடையாது. பஞ்சு பறக்காத வீடும் கிடையாது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? முதலில் கூலரைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வாங்கித்தான் ஆகணும் என்றால், போர்டின் முழுப் பெயரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை கூலரில் பஞ்சு எடுக்கும் நாள். பிரஷ்ஷை எடுத்துக் கையில் கொடுப்பது அம்மாதான்!



— பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்