ஏரும் யந்திரமும் – 9: மேழி பிடித்த யந்திரம்

ஹாரி பெர்குசனுடைய சாம்பல் நிற டி.இ.20 டிராக்டர் 1946-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வரையில் சென்ற வாரம் சொல்லியாயிற்று. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதற்குமேல் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இந்த வாரம் சேற்றுழவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் நாலு நாட்களாக என் மனம் முழுவதும், டிரைவர்கள் 'டாப் லிங்க்' என்று அழைக்கிற ஒரு சிறு இரும்புத் தண்டின்மீதே நிலைத்துவிட்டபடியால், அதைச் சொல்லி முடிக்காமல் வயலில் தண்ணீர் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெர்குசனுக்கு முந்திய டிராக்டர்கள் மாடுகள் நின்ற இடத்தில் நிறுத்தப்பட்ட யந்திரங்கள். கலப்பையைப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவதைத் தவிர அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பாறையில் கொழு சிக்கிக்கொண்டால், மாடு நின்றுவிடும். யந்திரமோ நிற்காமல், தன் பலத்தையெல்லாம் கொண்டு தன் முன்பாகத்தையே அந்தரத்தில் தூக்கி, ஓட்டுகிறவன்மீது மல்லாந்து விழும். அப்படி மாண்டவர்கள் பலர். முதல் மகாயுத்த காலத்தில், 1917-இல், டிராக்டர்களின் வேலையைச் சீர்படுத்தும் பொருட்டு அயர்லாந்தின் விவசாய இலாகா பெர்குசனைப் பண்ணை பண்ணையாக அனுப்பியது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1909 டிசம்பர் 31-ஆம் தேதி, தாமே செய்த விமானத்தில் ஏறி, அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர் என்ற கீர்த்தியை அடைந்திருந்த அம்மனிதர், இந்த விபத்துக்கு வேர் கலப்பையும் டிராக்டரும் தனித்தனிப் பொருள்களாக இருப்பதே என்று கண்டுகொண்டார்.

ஆகவே இரண்டையும் மூன்று இடங்களில் இணைத்து ஒரே உடலாக்கினார். கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கின்றன. மண்ணின் எதிர்ப்பினால் கலப்பையின் தலை முன்னோக்கிச் சாய முயலும்போது, மேலேயுள்ள டாப் லிங்க் டிராக்டரின் முதுகை நெட்டித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலே முன்சக்கரங்கள் எழும்பாதபடி அவற்றைத் தரையோடு அழுத்திவிடுகிறது. கவிழ்த்துக் கொன்ற அதே விசை இப்போது காவல் நிற்கிறது! அதோடு முடியவில்லை. டாப் லிங்க் முட்டுகிற இடத்தில் ஒரு வில்சுருள் இருக்கிறது. மண் இறுகினால் சுருள் அமுங்கும். அமுங்கிய மாத்திரத்தில் எண்ணெய் பாயும் வழி திறந்து, கைகள் கலப்பையை ஓர் இழை மேலே தூக்கும். மண் இளகினால் கலப்பை மறுபடியும் தாழும். மேழியைப் பற்றிய உள்ளங்கையிலே மண்ணின் கடினத்தை உணர்ந்து, கணத்துக்குக் கணம் அழுத்தியும் தளர்த்தியும் வந்த உழவனின் கை இருக்கிறதே, அதைத்தான் இந்த மனிதர் இரும்பிலும் எண்ணெயிலும் வார்த்துவிட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுமார் 1100 கிலோ எடையே கொண்ட சிறிய வண்டி, தன்னிலும் பெரிய யந்திரங்களோடு போட்டியிட்டு உழுததற்கும், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பத்தே ஆண்டுகளில் விற்றதற்கும் இதுவே காரணம்.

அந்த வண்டியில் கியர் தண்டை நியூட்ரலிலிருந்து ஒரு தனி நிலைக்குத் தள்ளினால்தான் என்ஜினே கிளம்பும். கியரில் இருக்கும்போது தற்செயலாகக் கிளம்பிவிட வழியே கிடையாது. வண்டியோடு கொடுத்த ஸ்பானரிலோ அங்குல அளவுகளைப் பொறித்திருந்தார்கள். நட்டைத் திருகிய கருவியாலேயே குடியானவன் கலப்பையின் அகலத்தையும் அளந்துகொண்டான்.

இந்த வமிசம் நமக்கு அந்நியமன்று. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸே பெர்குசன் கூட்டுறவோடு செய்த டிராக்டர்களிலும் அதே மூன்று இணைப்புகள்தாம். போன மாதம் எங்கள் ஊர்ப் புன்செயில் பழைய வண்டியொன்று ஒன்பது கொத்துக் கலப்பையோடு உழுதுகொண்டிருந்தது. வரப்பில் நின்ற என்னைப் பார்த்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"பாருங்க ஐயா, முன் கொத்து மண்ணை வெட்டுது, பின் கொத்து மேலே மிதக்குது" என்றார்.

"அதற்கு என்ன செய்வீர்கள்?"

"டாப் லிங்கை ரெண்டு சுத்து நீட்டிவிட்டாப் போதும்."

கிரீஸும் புழுதியும் அப்பியிருந்த அந்தத் தண்டை இரண்டு சுற்றுத் திருகிவிட்டு, மறுபடியும் ஏறி ஓட்டினார். ஒன்பது கோடுகளும் ஒரே ஆழத்தில் விழுந்தன. உழுத சாலில் இறங்கி நடந்து, விரலை விட்டு அளந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலின் அடிக்கணு வரையில் எங்கும் ஒரே அளவாக இறங்கியது.

எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவத்தை அடைந்ததும் பெர்குசன் டிராக்டர்களிலேதான். சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலிப் பட்டை பூட்டிக்கொண்டு, பனியிலே மெல்ல மெல்ல ஊர்ந்து சென்றார்கள். அந்தப் பயணத்தை எழுத ஒரு முழு வாரம் வேண்டும். ஆனால் சேறு காத்திருக்கிறது. ரப்பர்ச் சக்கரம் வழுக்கும் நன்செயில் கேஜ் வீல் எப்படிப் பிடிப்புக் கொடுக்கிறது, முழங்கால் ஆழச் சேற்றில் வண்டி புதைந்தால் பழகிய டிரைவர்கள் முதலில் எதைச் செய்கிறார்கள் என்பவற்றை அடுத்த வாரம் எழுதுகிறேன்.